வேடியப்பனிடம் கேட்க நான் பயப்படுகிற கேள்வி

கண்ணு,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேடியப்பன் கோயில் முன்னால் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு வேறு யாராவது வேலூர் பக்கம் வந்து உன்னிடம் வேறு மாதிரி சொன்னால் நீ குழம்ப வேண்டாம். ஊர்க்கவுண்டர், பூசாரி, உன் அப்பா, வீட்டுக்கு ஒருவராக ஊர் ஆண்கள். ஒடுகத்தூரிலிருந்து புளி பேச வந்த வியாபாரி ஏகாம்பரம். அவர் கூட்டத்துக்கென்று வந்தவர் இல்லை, கீழே இறங்குகிற கடைசி ஜீப்பைத் தவறவிட்டதால் இருந்தார். பெண்களில் நான், சாமிக்குப் பூ கொண்டுபோனதால் இருந்தேன். உன் அத்தை பொன்னம்மாவை யாரும் கூப்பிடவில்லை. "என்னையும் தூக்கினு போங்கடா, நானும் இந்த ஊருதான்" என்று சொல்லி, கயிற்றுக் கட்டிலோடு வந்து சேர்ந்தாள். என் தம்பி கோவிந்தன் எப்போதும்போல எதிரே புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவனைக் கணக்கில் சேர்ப்பதா என்று யோசித்துவிட்டுச் சேர்க்கிறேன். நீ இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ இருந்திருந்தால் என்ன பேசியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். தீபாவளி அன்று சாப்பிட்டுக்கொண்டே பேசினாயே, அதைத்தான் பேசியிருப்பாய். "அரசாங்கமே லைசென்ஸ் குடுத்து, அளந்து வாங்கிக்கட்டும்மா. ஒளிஞ்சு பண்றதாலதான் இவ்ளோ பேஜாரு" என்றாய். கஞ்சா பேச்சு நம் வீட்டில் வேண்டாம் என்றேன். "மாமன் ஒருத்தருக்கு ஆனதை வெச்சு மலைக்கே தீர்ப்பு சொல்லாதம்மா" என்றாய். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். மறுநாள் விடியற்காலை முறுக்கு டப்பாவைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாய். ஆனால் போய்ட்டு வர்றேன் என்பதை வாசலைப் பார்த்துச் சொன்னாய், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதை மனசில் வைத்துக்கொண்டு நான் எழுதவில்லை. நீ கேட்டதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லாமல் எழுந்து போனது சரியில்லை என்று தோன்றியது. வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிற பிள்ளையிடம், வாயை மூடு என்று சொன்னால் அது பதில் ஆகாது.

கூட்டம் ஏன் கூடியது என்றால், நீ போன மூன்றாம் நாள் பக்கத்து ஊருக்குப் போலீஸ் ஜீப் வந்தது. சின்னப்பையனை உனக்குத் தெரியும், உன்னோடு கூட்டு வண்டியில் திருவிழாவுக்கு வருவானே, அவன்தான். துவரைக்கு நடுவில் செடி வைத்திருந்தான். பிடுங்கிய செடியையும் அவனையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போனார்கள். பழைய நாளாக இருந்தால் அபராதம் கட்டிவிட்டு வந்திருப்பான். டில்லியில் புதுசாகப் போட்ட சட்டத்தில் அப்படி வர முடியாதாம், வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டுமாம். அவன் பெண்சாதி சாமையைத் தனியாக அறுத்துக்கொண்டிருக்கிறாள். அந்தத் தெருப் பெண்கள் ஆளுக்கு அரைநாள் போய்க் கை கொடுக்கிறார்கள். நானும் ஒருநாள் போனேன். அவள் அழவில்லை. "அவுரு ஒரு தபா கூட அத்தப் பிடிச்சதில்லக்கா. வாசனையே அவுருக்கு ஆவாது. வித்தாரு, அவ்ளோதான்" என்று மட்டும் சொன்னாள். பிடிக்காதவன் உள்ளே போய்விட்டான். பிடிக்கிறவன் எங்கள் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். அறுத்துக்கொண்டே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் செடி மலைக்குப் புதுசு இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் லைசென்ஸ் கொடுத்துப் பயிர் செய்யச் சொல்லி, எடை போட்டு வாங்கினார்கள் என்று உன் தாத்தா சொல்வார். நீ புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி பேசினாயே, அது ஏற்கனவே நடந்து முடிந்த கதை. அப்புறம் அதை நிறுத்தினார்கள். நிறுத்தின பிறகும் வீட்டுக் கொல்லையில் ஒன்றிரண்டு இருக்கும். எருதுக்கு வயிறு உப்பினால் ஒரு கை இலை, வேடியப்பன் பூசைக்குச் சுருட்டோடு ஒரு சிட்டிகை, அவ்வளவுதான் செலவு. நான் கல்யாணமாகி வந்தபோது அப்படித்தான் இருந்தது. யாரும் அதைப் பெரிதாகப் பேசமாட்டார்கள், துளசியைப் பற்றிப் பேசுகிற அளவுகூடப் பேசமாட்டார்கள். கீழேயிருந்து வந்தவர்கள் புளிக்கூடைக்கு அடியில் வைத்து இறக்கத் தொடங்கியபோதுதான், கொல்லையில் இருந்தது காட்டுக்குப் போயிற்று.

கூட்டத்தில் ஊர்க்கவுண்டர் சுற்றி வளைக்கவில்லை. "ஜீப்பு பக்கத்து ஊருக்கு வந்துச்சி. நம்ம ஊருக்கு வழி தெரியாம இல்ல. இன்னா பண்லாம் சொல்லுங்க" என்றார்.

முதலில் ஏகாம்பரம்தான் வாயைத் திறந்தார். "நான் புளி வாங்க வந்தவன், எனக்கு இன்னாத்துக்கு வம்பு" என்று ஆரம்பித்தார். "ஆனா ஒண்ணு சொல்றேங்க கவுண்டரே. புளி வருசத்துக்கு ஒரு தபா காய்க்குது. மழ தப்புனா சாமையும் இல்ல. இந்த எல இல்லன்னா இங்க பாதி வூட்டுக்குத் தகரம் ஏறியிருக்குமா?"

"தகரம் ஏறிச்சி" என்றார் உன் அப்பா. "நான் செயிலுக்குப் போய்ட்டா அந்தத் தகரத்துக்குக் கீழ யாரு படுக்கறது, நீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஏகாம்பரமும் சிரித்தார். பெருமாள் மகன் முருகேசன், உன்னோடு படித்தவன், எழுந்து நின்று, "சாராயக் கடைய கவருமெண்டே ஏலம் வுட்டுச்சே, அது மட்டும் இன்னா தீர்த்தமா? கடையில குடிச்சா வரும்படி, காட்டுல வளத்தா குத்தமா?" என்று கேட்டான். உன் குரலாகவே எனக்குக் கேட்டது. பூசாரி, "அதெல்லாம் இருக்கட்டும். சாமி பங்குக்கு இன்னா வழி? எல்லாத்தையும் புடுங்கிட்டா பூசைக்கு நான் இன்னாத்த வெக்கிறது?" என்றார்.

கட்டிலில் கிடந்த உன் அத்தை தலையைத் தூக்காமலே பேசினாள். "குடுக்கறது நீ, வாங்கிக்கறது வேடியப்பன். ஜீப்பு வந்தா அவனையுந்தான் ஏத்தினு போவணும். குதிரையோட ஏத்த எடம் பத்துமா பாரு."

"பொன்னம்மா, நீ செத்த சும்மா கெட" என்றார் ஊர்க்கவுண்டர்.

"கெடக்கறதுதானே நான் பண்றது. வேற இன்னா பண்றேன் இப்போ?"

பேச்சு இப்படியே போய்க்கொண்டிருந்ததால், சாமியையே கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ வந்தால் பிடுங்குவது, சிவப்பு வந்தால் விடுவது. வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனி இலையில் ஒரே மாதிரி நான் மடித்துக் கட்டிக் கொடுத்தேன். பூசாரி கற்பூரம் காட்டி, "அப்பா, ஊருல இருக்கற செடி மொத்தத்தையும் புடுங்கலாமா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். வெள்ளை. உன் அப்பாவுக்கு நெஞ்சு லேசானது முகத்தில் தெரிந்தது. எனக்கும்தான். அப்போதுதான் அத்தை கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். அவள் தானாக எழுந்து உட்கார்ந்து வெகுநாள் ஆயிற்று.

"நீ கேட்ட கேள்வியே தப்பு பூசாரி" என்றாள். "ஊருக்குக் கேட்டே. விக்கிறவனுக்குக் கேட்டே. என் வவுத்துக்குக் கேக்கல. எனக்குன்னு இன்னொரு தபா கேளு."

பூசாரி முடியாது என்றார். ஒரு காரியத்துக்குப் பூ கேட்டால், அதே காரியத்தை அடுத்த அமாவாசை வரைக்கும் திரும்பக் கேட்கக் கூடாது. வந்த பூ பிடிக்கவில்லை என்று மறுபடி கேட்கிற ஊர் நாம் இல்லை. அத்தை ஒத்துக்கொண்டாள். "சரி, அமாசைக்குக் கேளு. அது வரைக்கும் நான் இருந்தா" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். கூட்டம் கலைந்தது.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது உனக்கு முழுசாகத் தெரியாது. தீபாவளிக்கு நீ வந்தபோது அத்தை எழுந்து நடமாடாவிட்டாலும் சாப்பிட்டாள், உன்னைக் கேலி செய்தாள். குணமாகி வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனாய். நாங்கள் சொல்லவும் இல்லை. ஆடியில் வேலூர் ஆஸ்பத்திரியில் வயிற்றுக் கட்டி கரையக் கரண்டு வைத்து அனுப்பினார்களே, வந்த பிறகு அவளுக்குத் தண்ணீர்கூட நிற்கவில்லை. கஞ்சி வைத்தால் அதன் வாசனைக்கே குமட்டினாள். அவர்கள் கொடுத்த மாத்திரையையும் விழுங்கியதும் வெளியே தள்ளிவிடுவாள். மறுபடி கீழே கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் வரமாட்டேன் என்கிறாள். "அந்த ரோட்டுல ஜீப்புல குலுங்கறதுக்கு இங்கியே போய்ட்றேன்" என்கிறாள். வயிற்று வலியைக்கூட அவள் சொன்னதில்லை. பசிக்குது, ஆனால் தின்ன முடியலே என்று ஒருநாள் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் அடுப்படியில் நிற்க முடியவில்லை.

அவள் ஓங்கரிக்கிற சத்தம் புங்கமரம் வரைக்கும் கேட்டிருக்கிறது. கோவிந்தன் எழுந்து நம் வீட்டு வாசலுக்கு வந்தான். "அக்கா, எலய நெய்யில வறுத்து, வெல்லம் சுக்கோட இடிச்சிக் குடு. பொகையா வேணாம், நெஞ்சு எரியும். புளியங்கொட்ட அளவு போதும். ஜாஸ்தி குடுத்துடாத, பயந்துக்கும்" என்றான். சொல்லிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொண்டான். இவ்வளவு நீளமாக அவன் தெளிவாகப் பேசி நான் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. அன்றைக்கு நான் செய்யவில்லை. அந்த இலையை என் அடுப்பில் ஏற்ற எனக்குக் கை வரவில்லை. மறுநாள் விளக்கேற்றி வேண்டிக்கொண்டு செய்தேன்.

உன் மாமனைப் பற்றி நீ சொன்னதற்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். உன்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு ஒடுகத்தூர் சந்தைக்கு இறங்கினவன் அவன். புளிய மரத்தில் அவனைப்போல நுனிவரைக்கும் ஏறிக் கிளை உலுக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இல்லை. மீசை முளைக்கிற வயசில் பிடிக்க ஆரம்பித்தான். ஒருநாள் உலுக்கப் போனவன் வெறுங்கையோடு வந்து, "மரம் எம்பேரச் சொல்லிக் கூப்புடுதுக்கா, நான் ஏறமாட்டேன்" என்றான். நாங்கள் சிரித்தோம். அப்புறம் அவன் சோற்றில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று நான் வைத்த சோற்றையே தள்ளினான். அப்போது சிரிப்பு நின்றது. மந்திரித்தோம், முடி இறக்கினோம், பெரிய ஊர் டாக்டரிடமும் காட்டினோம். அந்த டாக்டர், இந்தப் பழக்கம் சிலருக்கு மூளையைக் கலக்கிவிடும், சின்ன வயசில் ஆரம்பித்தால் இன்னும் கெடுதல், யாருக்குக் கலக்கும் என்று முன்னாலேயே சொல்ல முடியாது என்றார். அவனோடு உட்கார்ந்து பிடித்தவர்கள் இன்றைக்கும் ஏர் ஓட்டுகிறார்கள், பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அதையும் எழுத வேண்டும், இல்லையென்றால் பாதியை மறைத்ததாகும். அந்தச் செடிதான் அவனைக் கெடுத்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. கெடுக்கவில்லை என்று நீயும் சொல்ல முடியாது. எனக்கு இருந்தது ஒரே தம்பி.

அப்படிப்பட்ட இலையைத்தான் உன் அத்தைக்கு இடித்துக் கொடுத்தேன். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவள் தின்றதையும் தள்ளியதையும் எழுதிவைத்துக்கொண்டு வருகிறேன், வீட்டுச் செலவு எழுதுகிற மாதிரியே. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் சாமைக்கஞ்சி ஒரு கிண்ணம் குடித்தாள், நின்றது. சாயங்காலம் ஊறுகாய் கேட்டாள். ராத்திரி என்னைத் திட்டினாள், உப்பு கம்மி என்று. அவள் திட்டியதைக் கேட்டு உன் அப்பா வாசலில் போய் நின்றுகொண்டார். அப்புறம் ஒருநாள், நான் சாமை வயலுக்குப் போயிருந்தபோது, இவ்வளவு நல்லது செய்கிறதே என்று உன் அப்பா ஒரு உருண்டைக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டார். நான் வரும்போது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கூரை இறங்குது, புடி புடி என்று நடுங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டதைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்தது. பொழுது சாயும் வரைக்கும் இருந்தது. தெளிந்த பிறகு, "உன் புருசன் என்னக் கொல்லப் பாத்தான்மே. நல்லவேள, கூரையப் புடிச்சினு இருந்தான்" என்றாள். நல்லது செய்த நாளையும் எழுதியிருக்கிறேன், இந்த நாளையும் எழுதியிருக்கிறேன். அப்புறம் இரண்டு நாள் கொடுக்காமல் நிறுத்திப் பார்த்தேன். பழையபடி தண்ணீர்கூட நிற்கவில்லை. மறுபடி புளியங்கொட்டை அளவிலேயே கொடுக்கத் தொடங்கினேன், தீபாவளிக்கு அவள் சாப்பிட்டதாக நீ பார்த்தது அதனால்தான்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். லைசென்ஸ் கொடுத்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகும் என்கிறாய். சாராயத்துக்குக் கொடுத்தார்கள். ஏலம் எடுத்தவர் மாடி கட்டினார். கடை கிட்டத்தில் வந்ததால் தூரத்தில் குடித்தவன் கிட்டத்தில் குடித்தான், குடிக்காதவனும் குடித்துப் பார்த்தான். அப்புறம் கடையை மூடினார்கள். மூடினதும் ஓடை ஓரம் ஊறல் போட்டு, அதைக் குடித்து நம் ஊர் மேஸ்திரிக்குக் கண் போயிற்று. அதனால் திறந்தால் சரியாகும் என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, மூடினால் சரியாகும் என்றும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. பூசாரி வேடியப்பனிடம் கேட்டது ஒரே கேள்வி, மொத்தத்தையும் பிடுங்கலாமா என்று. டில்லிக்காரர்கள் எழுதியதும் எனக்குத் தெரிந்தவரைக்கும் அப்படித்தான் இருக்கிறது. மொத்தத்தையும் விடலாம் என்று நீ சொல்வதும் அதே ஒரே கேள்விதான், பதில் மட்டும் மாறியிருக்கிறது. கூடையில் இறக்கி விற்பது ஒன்று. மீசை முளைக்காத பிள்ளைகள் பிடிப்பது ஒன்று. எருதுக்கு ஒரு கை கொடுப்பது ஒன்று. உன் அத்தையின் புளியங்கொட்டை ஒன்று. இத்தனையையும் ஒரே பொட்டலத்தில் மடித்தால், எந்தப் பூ வந்தாலும் யாருக்காவது தப்பாகத்தான் போகும். நீ சட்டம் படிக்கிற இடத்தில் இருக்கிறாய். பிரித்துக் கேட்கிற வேலையைக் கற்றுக்கொள், அதுதான் உன்னிடம் நான் எதிர்பார்ப்பது.

மலையில் கைநாட்டு வாங்கி மனு எழுதப்போவதாகச் சொன்னாயே, அதிலும் ஒன்று சொல்ல வேண்டும். பயிரிட அனுமதி வேண்டும் என்று கைநாட்டு வைக்கிறவன், இப்போது வளர்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடாதா? நீ வேலூரில் இருப்பாய். ஜீப் வரும்போது காட்டில் நிற்கிறவன் முருகேசனின் அப்பன். எழுத்துத் தெரியாதவனுக்கு முழுசாகப் படித்துக் காட்டி, அதனால் என்ன வரும் என்பதையும் சொல்லாமல் ஒரு கட்டைவிரலைக்கூட மையில் வைக்க விடாதே. நான் கோயில் பாட்டுப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவள். அதற்கு முன்னால் நானும் காட்டின இடத்தில் கட்டைவிரல் வைத்தவள்தான். அது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

இனி நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கூட்டம் முடிந்த மறுநாளே ஊரில் எல்லாரும் பிடுங்கினார்கள். காட்டில் இருந்ததையெல்லாம் பிடுங்கி எருக்குழியில் போட்டு மண் தள்ளினார்கள். ஏகாம்பரம் காலை ஜீப்புக்கு நின்றுகொண்டு அதைப் பார்த்தார். உன் அப்பா நம் கொல்லையில் இருந்ததைப் பிடுங்கப் போனார். வெகுநேரம் கழித்து மண்கையோடு வந்தார். நான் தண்ணீர் ஊற்றினேன், கழுவிக்கொண்டார். சாயங்காலம் சாணி கொட்டப் போனபோது பார்த்தேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், அவரைப் பந்தலுக்கு உள்ளே ஒரு செடியை மட்டும் விட்டிருக்கிறார். ஜீப்புக்குப் பயந்து, பிடுங்குகிற பக்கமாகக் கூட்டத்தில் முதலில் பேசினவர் அவர்தான். அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ராத்திரி ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். டப்பாவில் காய்ந்த இலை அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது. அது தீர்ந்தால் அந்தச் செடியில்தான் கை வைக்க வேண்டும். அந்தச் செடிக்காக அவர் போய்விட்டால் இந்த வீட்டில் நான், படுக்கையில் ஒருத்தி, மரத்தடியில் ஒருத்தன். செடியைப் பிடுங்கிவிட்டால் உன் அத்தை பட்டினி.

அமாவாசைக்கு அத்தைக்காகப் பூ கேட்கப் போகிறார்கள். பொட்டலத்தை நான்தான் கட்டிக் கொடுக்க வேண்டும். எனக்கு அதில்தான் பயம். வேடியப்பன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை, இருப்பதால்தான் பயம். வெள்ளை வந்துவிட்டால், அதற்கப்புறம் ஒரு புளியங்கொட்டை அளவுகூட அவள் வாயில் வைக்க என் கை எழாது. சிவப்பு வந்துவிட்டால், சாமியே விடச் சொன்னது என்று உன் அப்பா அந்தச் செடியை விட்டு நகரமாட்டார், ஜீப் வாசலுக்கே வந்தாலும். எந்தப் பூ வந்தாலும் அதற்குமேல் எனக்குப் பேச்சு இல்லை. ஆகையால் டாக்டரிடம் கேட்க வேண்டியதை டாக்டரிடம் கேட்டுவிட்டால், சாமியிடம் கொண்டுபோக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

நீ ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அத்தைக்குக் கரண்டு வைத்த டாக்டரைப் போய்ப் பார். அவளுடைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஏற்கனவே உன் பெட்டியில்தான் இருக்கிறது. நாட்காட்டித் தாளைப் பார்த்து நான் எழுதின நகலை இதோடு வைத்திருக்கிறேன், அதையும் காட்டு. கூரை இறங்கின நாளை மறைக்காதே. இந்தக் குமட்டலை நிறுத்த வேறு மாத்திரையோ ஊசியோ இருக்கிறதா, அவளைக் கீழே கொண்டுவராமலே அதைக் கொடுக்க முடியுமா என்று கேள். இருக்கிறது என்றால் வாங்கி அனுப்பு, அவரைப் பந்தலுக்குள் இருப்பதை நானே பிடுங்கி எருக்குழியில் போடுகிறேன், உன் அப்பா தூங்கட்டும். இல்லை என்றால், இலை அவளுடைய மற்ற மருந்தோடு சேர்ந்து கெடுதல் செய்யுமா என்று கேள். உன் வக்கீலிடமும் கேள்: அந்தச் சட்டத்தில் வைத்தியத்துக்கென்று ஏதாவது வழி எழுதியிருக்கிறதா, டாக்டர் கையெழுத்துப் போட்டால் செல்லுமா என்று. நம் ஊர்ப் பெயரையோ அப்பா பெயரையோ சொல்லாமல் கேள். யாராவது தெரியாது என்று சொன்னால், தெரியாது என்றே எனக்கு எழுது. எனக்காக நல்லதாக மாற்றி எழுத வேண்டாம்.

தபால் ஒடுகத்தூரிலேயே கிடந்துவிடும். ஏகாம்பரம் கடையில் கொடுத்தால் அவர் ஆள் மேலே வரும்போது கொண்டுவந்துவிடுவான். கவரை ஒட்டிக் கொடு. அத்தை உன்னைக் கேட்டாள். கேட்டால் என்ன எழுதுவது என்றேன். "அந்த லைசென்சுக்காரன முதல்ல அத்தைக்கு ஒண்ணு வாங்கித்தரச் சொல்லு" என்றாள். கார்த்திகை அமாவாசைக்கு முன்னால் பதில் என் கையில் இருக்க வேண்டும். சீக்கிரம் எழுது.

அம்மா